கிட்டாருக்குப் பூ கேட்டது

கல்யாணம் நிலைக்காமல் என் மகள் நாமக்கல்லுக்கே திரும்பி வந்துவிட்டாள். இப்போது ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு என்னோடு இருக்கிறாள். கல்லூரிக் காலத்திலிருந்து சாதாரணக் கிட்டார் வாசிப்பவள், போன வருடம் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டும் என்றாள். சேலத்துக்கு நானும் கூடப் போனேன்.

அவளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கடையில் இரண்டு இருந்தன. ஒன்றில் கம்பிகளுக்கு அடியில், அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று மெல்லிய பிக்கப்கள், துலக்கமான ஒலி. மற்றதில் தடித்த பிக்கப்கள் இரண்டு. ஒலியைப் பெருக்கும் ஆம்பைக் கொஞ்சம் திருகினாலே உறுமியது.

"ரிசப்ஷன்ல சினிமாப் பாட்டு வாசிக்கறதுன்னா இது போதுங்க. ராக் வாசிக்கறதுன்னா அதுதானுங்க" என்றார் கடைக்காரர், முதலில் மெல்லிய பிக்கப் வைத்ததையும் பிறகு மற்றதையும் காட்டி.

அவளுக்கு அதுதான் குழப்பம். குமாரபாளையத்துக் கச்சேரிக் குழு ஒன்று அவளை ரிசப்ஷன்களுக்கு வாசிக்கக் கூப்பிட்டிருந்தது. இன்னொரு பக்கம், அவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்து சொந்தமாகச் சில முரட்டுப் பாட்டுகள் போட்டு வைத்திருந்தார்கள்.

"ஏனுங்கப்பா, ரெண்டும் புடிச்சிருக்குது. பூ கேட்டுரலாமா?" பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள்.

தோட்டத்தில் போர்வெல் போடவும் பெண் கொடுக்கவும் குலதெய்வத்திடம் பூ கேட்கிற குடும்பம் எங்களுடையது. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்போம். மற்றதைப் பிரித்துப் பார்ப்பது வழக்கமில்லை. வெள்ளை வந்தால் ரிசப்ஷன் கிட்டார், சிவப்பு வந்தால் மற்றது என்று பேசிக்கொண்டோம்.

பொட்டலம் மடித்தது நான். இரண்டிலும் வெள்ளை அரளியை வைத்தேன்.

மண்டபத்தில் பட்டுப் புடவை கட்டி நாலு பேர் முன்னால் வாசித்தால், அவளைப் பற்றிய ஊர்ப் பேச்சு மாறும் என்று கணக்குப் போட்டேன். அது மட்டுமில்லை. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். மெல்லிய பிக்கப் சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து இழுக்கும் என்பதும், தடித்ததில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இருப்பதால் அந்த இரைச்சல் அடிபட்டுப் போகும் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டை ஒட்டி லாரி பாடி கட்டும் பட்டறை, பகலெல்லாம் வெல்டிங். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

கோயிலில் அவள் எடுத்தாள். வெள்ளை வந்தது. மெல்லிய பிக்கப் வைத்ததையே வாங்கினோம்.

ரிசப்ஷன்களில் நன்றாகத்தான் வாசித்தாள். வீட்டில் தன் பாட்டுக்காக ஒலியை ஏற்றும்போதெல்லாம் கிட்டார் இரைந்தது. வயரை மாற்றினாள், ஆம்பை வேறு அறைக்குக் கொண்டுபோனாள். கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டாள். ஒரு நாள் தோழியிடம் போனில் சொல்வது கேட்டது: "வேற ஆளப் பாத்துக்குங்கடி. எனக்கு அது வராது. சாமியே வேண்டான்னுருச்சு."

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. அவளிடம் போய், எப்போதும் செல்லமாகக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சாமி, அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் வெச்சேன்."

வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "ஏமாத்துனது சாமியவா, என்னையவா?"

"உன்னையத்தான்."

"அப்ப என் கல்யாணத்துக்குக் கேட்டீங்களே, அது?"

"அது நெசமாத்தான் கேட்டேன்."

"அதுல இப்பிடிக் கை வெச்சிருக்கலாமுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. இரைச்சலின் காரணத்தையும் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். அப்புறம் சில நாள் சோறு போட்டாள், பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில், "சேலம் போறேன். வாரீங்களா?" என்றாள்.

கொஞ்சம் விலை குறைத்துக்கொண்டு பழையதைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். தடித்த பிக்கப் வைத்தது அப்போதும் இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள். ஒலியைக் குறைக்க வந்தவரிடம், "இருக்கட்டுங்க" என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்பிடிங்கப்பா?"

"கரடுமுரடா இருக்குது, சாமி."

"அப்பிடித்தானுங்க இருக்கோணும்."

தோழிகள் மறுபடி வர ஆரம்பித்திருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டியில் மூன்று பேரும் முதல் முறையாக ஆட்கள் முன்னால் வாசிக்கிறார்கள். "உங்க காது தாங்காது, பின்னாடி உக்காந்துக்கங்க" என்றிருக்கிறாள். அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை. போகிறேன்.