குவாரித் தட்டுக்குக் கட்டிய வாழைக்கன்று

செங்கல்வராயனுக்கு வீம்பு ஜாஸ்தி. சத்தியவேட்டுக்கு மேற்கே மலைக்குள் இருக்கும் கல்குவாரியில் அவர்தான் மேஸ்திரி. அவர் சொன்னால் கிரேன் நகரும். அவர் மனசை மட்டும் எந்தக் கிரேனாலும் நகர்த்த முடியாது. அம்மாவின் கருமாதிப் பந்தியில் யாரை முதலில் உட்காரவைப்பது என்று தங்கை கங்கம்மாளோடு வாய்த் தகராறு. இவ்வளவுதான் விஷயம்! "இனிமே உன் வாசப்படி மிதிச்சா ஏண்டான்னு கேளு" என்று கத்திவிட்டு வந்தவர், அப்புறம் வருஷக்கணக்கில் தங்கை இருக்கும் புத்தூர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. தங்கை மகள் கீர்த்தியைத் தோளில் போட்டு வளர்த்தவர் ஆயிற்றே! அவள் வயதுக்கு வந்தால் தாய்மாமன்தான் பச்சை ஓலை வெட்டிவந்து குச்சு கட்ட வேண்டும். அதன் பிறகுதான் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றி, அந்தக் குடிசைக்குள் உட்காரவைப்பார்கள். அதற்காவது தங்கை கூப்பிடுவாள், கூப்பிட்டால் ஓடிவிடலாம், கூப்பிடாமல் போவதில்லை என்று இருந்தார்.

கூப்பிடத்தான் வழி ஏது? மலைக்குள் டவர் எடுக்காது. கேபிள் இழுக்க யாரும் வரவில்லை. கடைசியில் முதலாளி சாட்டிலைட் நெட் வாங்கினார். ஆபீஸ் கொட்டகைமேல் கம்பம் நட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஆன்டெனாத் தட்டைப் பொருத்திய திருப்பதி சுனில் படித்துப் படித்துச் சொன்னான்: "இது மேல எதுவும் மறைக்கக் கூடாதுண்ணா. சாட்டிலைட்டுங்க ஓடிக்கினே இருக்கும். ஒண்ணு போனா அடுத்தத புடிக்கணும், ஆகாசம் முழுசா தெரியணும்." செங்கல்வராயன் அன்றைக்கே பக்கத்து வேப்பங்கிளைகளை வெட்டித் தள்ளினார். போனில் வாட்ஸ்அப் வந்ததும், ஒரு பங்காளியிடம் தம் நம்பரைக் கொடுத்து, "சும்மா, தங்கச்சிகிட்ட இருக்கட்டும்" என்றார். சும்மாவாம்!

ஆயுத பூஜை வந்தது. கம்ப்ரஸர், லாரி, கிரேன் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. "எல்லாத்துக்கும் கட்டிட்டு இத்த மட்டும் உட்டா நல்லாவா இருக்கும்?" என்று தாமே கொட்டகைமேல் ஏறி, தட்டுக் கம்பத்துக்கும் இரண்டு கன்று கட்டினார். இலைகள் தட்டின்மேல் சாய்ந்தன. கிளையை வெட்டிய அதே மனுஷன்தான். சாமிக்குக் கட்டிய இலை மறைக்கும் என்று தோன்றவே இல்லை. பூஜைக்குக் கட்டியதை வாடும்முன் அவிழ்க்கவும் மாட்டார்கள். ஆட்கள் லீவில் போனார்கள். காவலுக்கு இவர் இருந்தார். நெட் வரவில்லை. மழை மூட்டம் என்று மேகத்தைத் திட்டிவிட்டுப் படுத்தார்.

லீவு முடிந்து வந்த கிரேன் ஆபரேட்டர்தான் தட்டை மறைத்த கன்றுகளைப் பிடுங்கி எறிந்தான். போன் விடாமல் அடித்துக்கொண்டது. வரிசையாகத் தவறிய அழைப்புகள், கூடவே வாட்ஸ்அப்பில் தங்கை பேசி அனுப்பிய குரல்: "அண்ணா, கீர்த்தி பெரிய மனுசி ஆயிட்டா. ஓலை எடுத்துக்கினு வாண்ணா. சண்டையெல்லாம் அப்பறம் வெச்சிக்கலாம்."

அட பாவி மனுஷா! பைக்கில் ஓலையைக் கட்டிக்கொண்டு புத்தூருக்குப் பறந்தார். வாசலில் குச்சு ஏற்கெனவே நின்றது. கட்டியவர் யாரோ தூரத்து உறவு.

"போனு எடுக்காதவரு இப்ப எதுக்கு வந்தாரு?" என்றார் தங்கை புருஷன் பிரபாகர்.

"நெட்டு வர்ல மாப்ளே. வாழ எல மறைச்சிக்கிச்சி."

"எல மறைச்சிதாம்!" என்று பிரபாகர் சிரித்தார். கங்கம்மாள் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் பைக்கிலிருந்த ஓலையை அவிழ்த்துக் கீழே இறக்கினார். இத்தனை வருஷத்தில் ஒருநாள் தாமே வந்து இந்த வாசலில் நின்றிருந்தால் குறைந்தா போயிருப்பார்?

குச்சுக்குள்ளிருந்து கீர்த்தி மெல்லச் சொன்னாள்:

"மாமா, எல்லாரும் திட்டிக்கினே இருந்தாங்க. அம்மாதான் எனக்குத் தண்ணி ஊத்தவே உடலை. எங்க அண்ணன் வந்துக்கினு இருப்பான், அவன்தான் கட்டணும்னு நேத்து வரைக்கும் வாசல்லயே ஒக்காந்திருந்திச்சி."