கோல் விழாத மத்தியானம்

சுவிற்சர்லாந்தின் வில் என்ற சிறு நகரத்துக்குக் குடிவந்த முதல் வருடங்களில், மேல்மாடி ஹொலன்ஸ்ரைன் தம்பதியரைப் பற்றிச் சுலோஜனாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய செருப்புச் சத்தம்தான். படியில் கண்டால் வணக்கம் சொல்வார்கள், இவளும் சொல்லுவாள். அதற்குமேல் கதைக்க அவளிடம் ஜேர்மன் இல்லை.

1998ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பின்னேரம். அவளுடைய கணவர் சிவமணி தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தார். மேலே திடீரென்று கிழவர் கத்தினார், கிழவியும் கத்தினார், ஏதோ விழுந்து உடைந்தது. மட்டக்களப்பில் வளர்ந்தவளுக்குப் பக்கத்து வீட்டில் சண்டை கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கத் தெரியாது. படியேறிப்போய் மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த கிழவரின் கழுத்தில் சிவப்புச் சால்வை கிடந்தது. கண் கலங்கியிருந்தது. உள்ளே அவருடைய மனைவி உடைந்த கிளாஸைப் பொறுக்கிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். இருவரும் அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தினார்கள். கவசம் போட்ட ஆட்கள் பனித்தரையில் வழுக்கிக்கொண்டு ஒரு கறுப்புத் தட்டைத் துரத்தினார்கள். ஒருவனை ஒருவன் மரப்பலகைச் சுவரோடு சேர்த்து மோதினான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் எழுந்து வர மனம் வரவில்லை. இந்த நாட்டில் அவளைத் தங்களோடு சேர்ந்து கத்தச் சொன்ன முதல் ஆட்கள் அவர்கள்.

அந்த வருடம் ஐஸ் ஹொக்கி உலகப் போட்டி சுவிற்சர்லாந்திலேயே நடந்தது. சொந்த அணி நாலாவதாக வந்தது. 1953இல் கிடைத்த வெண்கலத்துக்குப் பிறகு ஒரு பதக்கமும் இல்லை என்பதைக் கிழவர் தாளில் எழுதிக் காட்டி, கையை விரித்தார். தான் அப்போது வாலிபன் என்றும், சூரிச்சுக்கு ரயில் ஏறிப்போய்ப் பார்த்ததாகவும் சைகையில் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் சுலோஜனா மேலே போனாள். மகள் மதுஜா பிறந்த பின் அவளையும் தூக்கிக்கொண்டு போனாள். நடுவரைத் திட்டுவதுதான் அவள் தடக்காமல் பேசிய முதல் சுவிஸ் ஜேர்மன். அதைக் கேட்டுச் சிவமணி தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். குலேந்திரன். 1990இல் இருவரும் ஒன்றாகத்தான் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வந்தார்கள். அங்கே ஒரு விடுதியில் இரண்டு மாதம் இருந்தார்கள். பிறகு ஏஜென்சிக்காரன் அவளை ஒரு வழியாலும் அவனை இன்னொரு வழியாலும் அனுப்பினான். அவள் சூரிச்சில் இறங்கினாள். அவன் எங்கெங்கோ சுற்றி ரொறன்ரோவில் போய்ச் சேர்ந்தான். ஆறு மாதத்தில் சந்திக்கலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவளிடம் இருந்த தற்காலிக அனுமதியோடு சுவிஸ் எல்லையைத் தாண்ட முடியாது. அவனுடைய அகதி வழக்கும் வருடக்கணக்கில் இழுபட்டது.

ஊரில் தனியாக இருந்த அம்மா 1999இல் காலமானார். இருவராலும் போக முடியவில்லை. 'நீ நினைச்சிருந்தால் அம்மாவை அங்க கூப்பிட்டிருக்கலாம்' என்று அவள் சொன்னாள். 'நீங்க ஏன் கூப்பிடேல்ல?' என்று அவன் கேட்டான். அதோடு ரெலிபோனை வைத்தவர்கள் ஏழு வருடம் கதைக்கவில்லை.

2006 பெப்ரவரியில் ரூரின் ஒலிம்பிக். சுவிஸ் அணி கனடாவை இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றது. ஹொலன்ஸ்ரைன் எழுந்து நின்று சுலோஜனாவைக் கட்டிப்பிடித்தார், அவள் கீழே வந்து அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது.

"அக்கா."

அவளுக்குக் குரல் உடனே தெரிந்தது. கை ஈரத்தோடு அப்படியே நின்றாள்.

"இஞ்ச றேடியோவில சுவிற்சர்லாந்து, சுவிற்சர்லாந்து எண்டே சொல்லிக்கொண்டிருக்கிறாங்கள். வேலை ஒண்டும் ஓடேல்ல. அதுதான் எடுத்தனான்."

"மட்ச் பாத்தனியோ?"

"நீங்க மட்ச் பாக்கிறனீங்களோ அக்கா?"

"ஓம். ரெண்டாவது கோல் நல்ல கோல்."

"அது எங்கட ஆக்கள் விட்ட பிழை," என்றான் குலேந்திரன். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. அம்மாவைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

அன்றிலிருந்து அவர்களுக்கு ஹொக்கிதான் பேச்சு. கோபமும் செல்லமும் எல்லாம் அதற்குள்ளேயே நடந்தன. கனடா வென்றால் அவன் எடுப்பான், சுவிஸ் வென்றால் அவள் எடுப்பாள். கனடா வெல்வது வழக்கமாக நடக்கிற காரியம் என்பதால் அவனுக்குத்தான் அதிகம் எடுக்க வேண்டிவந்தது. வலப்பக்கத்து ஆட்டக்காரன் சரியில்லை என்பதில் தொடங்கி, பேச்சு இரண்டு பேருடைய சமையலறையிலும் வந்து நிற்கும். 'சாப்பிட்டியா', 'மகன் பள்ளிக்கூடம் போறானோ', 'அத்தானுக்கு முதுகு இப்ப எப்பிடி.' பிறகு, "ஒரு மட்ச் எண்டாலும் ஒண்டா இருந்து பாக்கவேணும் அக்கா," என்று அவன் சொல்லுவான். "பாப்பம்," என்று அவள் சொல்லுவாள்.

பார்க்க முடியவில்லை. அவளுடைய இலங்கைப் பாஸ்போட்டுக்குக் கனடா ஒருமுறை விசா மறுத்தது. அவன் வரலாம் என்ற காலத்தில் அவன் செய்துவந்த பேக்கரி வேலை போய், வேறு வேலை தேடவேண்டியிருந்தது. இவளுக்குச் சுவிஸ் பாஸ்போட் கிடைத்த வருடம் சிவமணிக்கு முதுகில் சத்திரசிகிச்சை.

அதற்கிடையில் அணி மேலே ஏறிக்கொண்டிருந்தது. 2013இல் ஸ்ரொக்ஹோமில் இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது. ஹொலன்ஸ்ரைன் அதைப் பார்க்க இருக்கவில்லை, இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டார். அவருடைய மனைவியும் சுலோஜனாவும் அவருடைய கதிரையை வெறுமையாக விட்டுவிட்டு இரண்டு பக்கமும் இருந்து பார்த்தார்கள். சுவீடன் ஐந்து கோல் அடித்தது. 2018இல் அரையிறுதியில் கனடாவைத் தோற்கடித்து மறுபடி இறுதிக்கு வந்தார்கள், மறுபடி சுவீடன், இந்த முறை பெனல்ரியில். "என்ன அக்கா, எங்களை வெளியில அனுப்பிப்போட்டு நீங்களும் வெல்லுறீங்கள் இல்லை," என்றான் குலேந்திரன். வென்ற அணியின் தேசிய கீதத்துக்காக, தோற்றவர்கள் வரிசையாகக் கோட்டில் நின்று நிலத்தைப் பார்ப்பதை அவளால் எப்போதும் பார்க்க முடிவதில்லை. அந்த நேரத்தில் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

2020இல் போட்டி சூரிச்சுக்கு வருவதாக இருந்தது. குலேந்திரன் ரிக்கெற் போட்டான். அவனுக்கும் அவளுக்குமாக இரண்டு இருக்கை, பக்கத்தில் பக்கத்தில். அவள் மதுஜாவின் அறையை ஒழுங்குபடுத்தி, புது மெத்தை வாங்கிப் போட்டாள். தான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் மே மாதம் முழுவதும் லீவு கேட்டு வாங்கினாள். மார்ச்சில் கொரோனா வந்தது. போட்டியே நிறுத்தப்பட்டது. லீவு எடுக்க வேண்டியவள் முகமூடி போட்டுக்கொண்டு, சொந்தங்கள் வரமுடியாத கிழவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சோறூட்டினாள். புது மெத்தையில் ஒருவரும் படுக்கவில்லை.

கொரோனா முடிந்தபோது குலேந்திரனுடைய சிறுநீரகங்கள் பழுதாகியிருந்தன. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். "நான் வாறன்," என்று அவள் சொன்னபோதெல்லாம் அவன் மறித்தான்.

"இப்ப வராதேங்கோ. கிட்னி கிடைக்கட்டும். நான் எழும்பி நடமாடேக்க வாங்கோ. ஒண்டா ஊர் சுத்துவம்."

2024இல் அரையிறுதியில் சுவிஸ் பெனல்ரியில் கனடாவை வென்றபோது, அவன் படுத்த இடத்திலிருந்தே வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் இறுதியில் செக் அணியிடம் தோல்வி. அப்போது அவன் கேலி செய்யவில்லை. "நல்லா விளையாடினவங்கள் அக்கா," என்று மெதுவாகச் சொன்னான். அவன் கேலி செய்யாமல் விட்டதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அடுத்த வருடம் மே மாதத்தில், அவனுடைய மனைவி ராஜேஸ்வரி எடுத்தாள். "மச்சாள், அவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் நீங்க வரவே மாட்டியள். கிட்னிக்கு இன்னும் கனகாலம் எண்டு சொல்லுறாங்கள். வாங்கோ."

சுலோஜனா சிவமணியைப் பார்த்தாள். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "போயிட்டு வா. நான் சமைச்சுச் சாப்பிடுவன்," என்றார். மதுஜா அன்றைக்கே பயணச்சீட்டுப் போட்டாள்.

வியாழக்கிழமை பின்னேரம் ராஜேஸ்வரி விமான நிலையத்திலிருந்து அவளை ஸ்கார்புரோவிலிருந்த தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கனடாவுக்கும் டென்மார்க்குக்கும் காலிறுதி நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் அவன் விமான நிலையத்துக்கு வரவில்லை என்று ராஜேஸ்வரி சொன்னாள். காரில் அவ்வளவு தூரம் இருந்தால் அவனுக்கு இப்போதெல்லாம் தாங்காது என்பதை அவள் பிறகுதான் சொன்னாள்.

கதவைத் திறந்து உள்ளே போனபோது அவன் சோபாவில் போர்வைக்குள் இருந்தான். திரையில் டென்மார்க் ஆட்டக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கும்பலாகக் கிடந்தார்கள். கொழும்பு விடுதி வாசலில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற இருபது வயதுப் பெடியனை அவள் இத்தனை வருடமும் மனதில் வைத்திருந்தாள். வீடியோவில் எத்தனையோ தரம் பார்த்தும் அந்த முகம் அழிந்திருக்கவில்லை. இப்போது ஒரு மெலிந்த கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா," என்றான். "டென்மார்க்கிட்டத் தோத்திட்டம் அக்கா."

"பாத்தனான் மனே," என்று சின்ன வயதில் கூப்பிட்டதுபோல் சொல்லிக்கொண்டு பக்கத்தில் போய் இருந்தாள். அவன் தலையை அவளுடைய தோளில் வைத்தான். இரண்டு பேரும் அழுதார்கள். ராஜேஸ்வரி தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டாள்.

அவனுடைய இடது கையில் நரம்பு தடித்துப் புடைத்திருந்தது. இரத்தம் சுத்திகரிக்க ஊசி ஏற்றவென்று சத்திரசிகிச்சையில் செய்தது என்று சொன்னான். "தொட்டுப் பாருங்கோ." அவள் விரலை வைத்தாள். தோலுக்கு அடியில் தேனீ அடைபட்டதுபோல் ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

சனிக்கிழமை சுவிஸ் அதே டென்மார்க்குக்கு ஏழு கோல் அடித்தது. குலேந்திரன் ஒவ்வொரு கோலுக்கும் கை தட்டினான். "எங்களுக்காகப் பழிவாங்கிப் போட்டாங்கள்," என்றான். ஞாயிறு இறுதிப் போட்டி, அமெரிக்காவோடு. ஸ்ரொக்ஹோமில் இரவு, ரொறன்ரோவில் நல்ல வெயில் மத்தியானம். ராஜேஸ்வரி ஜன்னல் சீலையை இழுத்து விட்டாள். அவனுக்கு அளந்துதான் தண்ணி குடிக்கலாம். அதனால் சுலோஜனாவும் தனக்கு முன்னால் வைத்த ஜூஸைத் தொடவில்லை.

முதல் பகுதி முடிந்தது, கோல் இல்லை. இரண்டாவது பகுதியிலும் இல்லை. முதலில் அவளும் வழக்கம்போல் நுனிக்கதிரைக்கு வந்துதான் பார்த்தாள். சுவிஸ் ஆட்கள் தட்டைக் கொண்டுபோகும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். மூன்றாவது பகுதியில் ஒரு கட்டத்தில், சுவிஸ் பக்கத்திலிருந்து ஒரு நல்ல அடி பாய்ந்தது. அமெரிக்கக் கோல்காப்பாளர் அதைப் பிடித்துவிட்டார். அவளுக்குள் ஆறுதல் வந்தது. ஏன் என்று அவளுக்கே முதலில் பிடிபடவில்லை.

யாராவது அடித்தால் இது நேரத்தோடு முடிந்துவிடும். அடிக்காத வரைக்கும் தம்பி பக்கத்தில் இருப்பான், போர்வை இரண்டு பேருடைய மடியிலும் கிடக்கும், அவன் "ஐயோ, அங்க குடு, அங்க குடு" என்று தமிழில் கத்துவது சுவிஸ்காரனுக்குக் கேட்கும்போல் இருக்கும். இந்தப் பூச்சியத்துக்குப் பூச்சியம் பின்னேரம் வரைக்கும், நாளைக்கு வரைக்கும் போகட்டும். இருபத்தேழு வருடமாக ஒரு தங்கத்துக்காக ஏங்கியவள், அன்றைக்கு ஒரு கோலும் விழவேண்டாம் என்று மன்றாடினாள்.

முதல் கோலோடு ஆட்டம் முடிகிற மேலதிக நேரம் தொடங்கிக் கொஞ்சத்தில் அமெரிக்கா அடித்தது.

சுவிஸ் ஆட்கள் பனியில் முழங்காலில் இருந்தார்கள். பிறகு எழும்பி வரிசையாக நின்றார்கள். மற்றவர்களுடைய கீதம் தொடங்கியது. அவள் அடுப்படிக்குப் போக எழும்பினாள். அவன் கையைப் பிடித்து இருத்தினான்.

"இருங்கோ. அவங்களும்தானே நிக்கிறாங்கள்."

கீதம் முடியும்வரை பார்த்தாள். வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டவுடனேயே ஒருவன் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டான்.

குலேந்திரன் தொலைக்காட்சியை நிறுத்தினான். "அம்மாவை நான் கூப்பிட்டிருக்கலாம் அக்கா. அப்ப எனக்குப் பயம். வந்தால் வச்சுப் பாக்கேலாமப் போகுமெண்டு பயம்."

"நானும் கூப்பிடேல்லத்தானே," என்றாள் சுலோஜனா. "அம்மா ரெண்டு பேரையும் எதிர்பாத்தவா."

அவன் தலையாட்டினான். வெளியே யாரோ புல்லு வெட்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே அவன் தூங்கிப்போனான். அவள் போர்வையை அவன் பக்கம் முழுவதும் இழுத்து விட்டாள்.

திங்கட்கிழமை அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இயந்திரத்தில் அவனுடைய இரத்தம் சுற்றிவர, கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தோடம்பழம் அவனுக்கு ஆகாது என்றபடியால் அப்பிளைத் தோல் சீவி ஒரு துண்டு மட்டும் கொடுத்தாள். அடுத்த வருடம் போட்டி மறுபடி சூரிச்சில் நடக்கப்போகிறது என்பது இருவருக்கும் தெரியும். அவன் வருவேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மணித்தியாலக்கணக்கில் சும்மா இருக்கவேண்டிய இடம் அது. ஹொக்கி தவிர்ந்த எல்லாவற்றையும் கதைத்தார்கள். அவள் திரும்புகிற நாளும் அவனுக்கு ஆஸ்பத்திரி நாளாக அமைந்தது. அதனால் விமான நிலையத்துக்கு அவனுடைய மகன்தான் கூட்டிப்போனான்.

வில்லுக்குத் திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், உடன் வேலை செய்கிறவர்கள் அவளுக்குத் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து கதைத்தார்கள். மறுபடியும் வெள்ளிதான், எவ்வளவு கிட்ட வந்தும் இப்படிப் போய்விட்டதே என்றார்கள். தாதி ஒருத்தி அவளைக் கட்டியணைத்து, "அழவேண்டாம், அடுத்த வருடம் நிச்சயம்," என்றாள். அப்போதுதான் தன் கண்ணில் நீர் இருப்பது சுலோஜனாவுக்குத் தெரிந்தது. அவள் எதையும் திருத்திச் சொல்லப் போகவில்லை. ஓம், கிட்டத்தான் வந்தோம் என்று ஜேர்மனில் சொல்லிவிட்டு, காலைச் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு முதலாவது அறைக்குள் போனாள்.