ஜாமீன் நின்ற நேபாளி

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் மடிப்புக் கலையாத புதுச் சட்டை அணிந்திருந்தார். காதில் ஸ்ரீரங்கத்துத் துளசி. பாஸ்போர்ட் இருந்த சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“கல்ஃபுக்கா?” என்றேன்.

“ஆமாங்க. சம்பளம் ஒழுங்கா தர்றதில்ல. போகாதீங்கன்னு சம்சாரம் அழுவுறா.”

“அப்புறம் ஏன் போறீங்க?”

“யாராவது ஜாமீன் நின்னாத்தாங்க கம்பெனியில லீவு. என் ரூம்ல இருக்கற நேபாளி நின்னாரு. நான் போகலேன்னா அவர ஊருக்கு விடமாட்டாங்க. அவரு அம்மா படுக்கையில கிடக்குறாங்க.”

“ஏர்போர்ட் இறங்கு! பிளைட்டு உங்களுக்காக நிக்காது சார்!” என்றார் கண்டக்டர்.

பக்கத்தில் இருந்தவர் இறங்கியதும் அவருடைய போன் அடித்தது; ஜன்னல் வழியே பார்த்தேன். எடுக்கவில்லை. விமான நிலைய வாசலுக்குப் போகாமல், ஊருக்குள் திரும்பும் பஸ்கள் நிற்குமிடத்தில் போய் நின்றார். பெட்டியைக் கீழே வைத்தார், மறுபடி தூக்கினார். அதற்குள் எங்கள் பஸ் நகர்ந்துவிட்டது.

நான் பார்த்தேயிராத அந்த நேபாளி, தாயைப் போய்ப் பார்த்தாரா?