ரோமுக்கு ஓராள்

டிக்கெட் விக்கிறவனுக்கு வாயை விடக் காது முக்கியம். ஆள் எங்கை போகப்போறார் எண்டதை வாய் சொல்லும், ஏன் போறார் எண்டதைக் குரல்தான் சொல்லும். லண்டன் செவன் கிங்ஸிலை மீன்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவிலை, ஒரு மேசையும் ஒரு ஹீட்டருமா கனகாலமா இந்தத் தொழிலைச் செய்யிறன். புதுவருசம் கழிஞ்சா, ஊருக்குப் போனவையெல்லாம் திரும்பி வந்திருப்பினம், கோடைக்குப் போறவை இன்னும் யோசிக்கத் தொடங்கியிருக்காயினம். அந்த இடைவெளியிலை நாங்கள் விக்கிறதுதான் விண்டர் சிற்றி பிறேக், குளிருக்குள்ளை நாலு நாள் ஒரு நகரம் பாத்து வாறது. ஹோட்டல் அரைவிலை, மழை இலவசம்.

கவுண்டருக்குப் பின்னாலை இருந்து சனத்தோட மல்லுக்கட்டுற என்ர சகபாடியளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எனக்கு மேலதிகமா இன்னொரு வருத்தமும் இருக்கு. போனை வைச்ச கையோட, கதைச்ச ஆளின்ர குரலிலை ஒருக்காக் கதைச்சுப் பாக்காட்டி எனக்குத் தேத்தண்ணி உள்ளை இறங்காது.

ஏஜென்சிக்காரன்

கடை வாசலிலை 'டிராவல் ஏஜென்சி' எண்டு பேர்ப்பலகை போட்டது நான் விட்ட பெரிய பிழை. எங்கட ஆக்களுக்கு ஏஜென்சி எண்டா ஒரே ஒரு அர்த்தம்தான்: லொறியிலை ஒளிச்சு எல்லை தாண்டிக் கொண்டுவந்து விடுறவன். வயசு போனவை உள்ளை வந்தா முதலிலை வெளியிலை ஒருக்கா எட்டிப் பாத்திட்டுத்தான் கதிரையிலை இருப்பினம்.

சிவபாதம் அண்ணையும் அப்பிடித்தான் வந்தவர். பெற்றோல் செட்டிலை வேலை செய்து ஓய்வெடுத்த மனுசன். அவரும் மனுசியும் ரோமுக்குப் போகோணுமாம். முந்தி அகதியா வரேக்கை ரோமிலைதான் ஏஜென்சிக்காரங்கள் அவரை மாசக்கணக்கா ஒரு அறையிலை பூட்டி வைச்சிருந்தவங்கள். யன்னலுக்கு மட்டை அடிச்சிருந்ததாம். மட்டையிலை ஒரு கிழிசல். அதுக்காலை பாத்தா எதிர்ப்பக்க மருந்துக்கடையின்ர பச்சைச் சிலுவை லைட் பத்திப் பத்தி நூரும். அவர் கண்ட ரோம் அவ்வளவும்தான். பேந்து ராவோட ராவா லொறியிலை ஏத்திப்போட்டாங்கள்.

நான் விலையெல்லாம் சொல்லி முடிச்சன். மனுசன் தன்ர பிரிட்டிஷ் பாஸ்போட்டை மேசையிலை வைச்சார், அக்கம் பக்கம் பாத்தார், குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, வழியிலை பிடிச்சா என்ன கதை சொல்லோணும்?"

ஆர் கதைக்கிறது

ரோம் ஆசை அவரின்ர இல்லை, மனுசி ரஞ்சி அக்கான்ர. பூட்டிக் கிடந்த ஊரிலை மனுசன் ஒருக்காக் காலாற நடக்கோணும் எண்டு அவவுக்கு ஒரு பிடிவாதம். போன் எடுத்தா முதலிலை ஒரு பெருமூச்சு, பிறகு 'இஞ்சாரும் தம்பி' எண்டு ஒரு இழுவை. ஹோட்டலிலை சுடுதண்ணி வருமோ, சோறு கிடைக்குமோ எண்டெல்லாம் அவ கேக்கேல்லை. யன்னல் திறக்குமோ எண்டு மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டா. நானும் ரோமுக்குப் போன் அடிச்சு, இத்தாலிக்காரனிட்டை யன்னலைத் திறந்து காட்டச் சொல்லாத குறை.

அவ கதைச்சுக் கொண்டிருக்க, சிவபாதம் அண்ணை வெளிக்கிடுற சத்தம் போனிலை கேக்கும். 'போட்டு வாறன்' எண்டுவார். அவ போனைத் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு, 'போட்டு வாங்கோ, கழுத்தைச் சுத்துங்கோ' எண்டுவா. மப்ளரைச் சொல்லுறா. ஒவ்வொரு தரமும் அதே சுருதி, நடுவிலை அதே மூச்சு. அந்த மூச்சைப் பிடிக்கத்தான் எனக்குக் கனநாள் எடுத்தது. ஒருநாள் சரியாப் பிடிச்சிட்டன் எண்ட சந்தோசப் புளுகத்திலை, போன் அடிக்க அதே குரலிலை 'இஞ்சாரும் தம்பி' எண்டு எடுத்திட்டன். அடிச்சது ரஞ்சி அக்காதான்.

"ஆர் கதைக்கிறது? நானோ?"

ரெண்டு தலையணை

எங்கடையளுக்குத் தனிய ஒரு ஆள் ஊர் பாக்கப் போறது எண்டது விளங்காத காரியம். ஒண்டில் சண்டை, இல்லாட்டிக் காதல். தெற்கு லண்டன் சட்டனிலை இருக்கிற மாலதி மலேசியாக்காரி, கணக்காளர், நாப்பது தாண்டின பிள்ளை. குளிர் நாளிலை ஃபுளோரன்ஸுக்குத் தனிய போகப்போறன் எண்டு டிக்கெட் எடுத்தா. அடுத்தநாளே அவவின்ர சித்திக்காரி எனக்கு அடிச்சு, மற்றச் சீற்றிலை ஆரின்ர பேர் கிடக்கு எண்டு கேட்டுக் குடைஞ்சா. பேரில்லை எண்டன். நம்பேல்லை. ஹோட்டலிலை ரெண்டு தலையணை சொல்லியிருக்குதாமே எண்டு மடக்கினா.

இதை மாலதிக்குச் சொல்ல, அவ சிரிக்கவும் இல்லை, கோவிக்கவும் இல்லை.

"அண்ணே, நாலு நாளு யாரும் எங்கிட்ட சாப்டியான்னு கேக்காம இருக்கணும், அதுக்குத்தான் போறேன்."

ஒருத்தரும் எழுதி வைக்காதது

மார்கழியிலை ரஞ்சி அக்கா குசினிக்குள்ளை மா வறுத்துக்கொண்டு நிண்டவ, அப்பிடியே விழுந்திட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர முந்தி முடிஞ்சுது. செத்தவீட்டிலை எல்லாரும் அழ, என்ர காதுக்குள்ளை அவவின்ர 'யன்னல் திறக்குமோ' மட்டும் நிண்டுது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கையோட சிவபாதம் அண்ணை கடைக்கு வந்தார். முந்தி எடுத்து வைச்ச ரெண்டு ரோம் சீற்றிலை மனுசியின்ரயை வெட்டிப்போட்டு மற்றதை அப்பிடியே விடச் சொன்னார். சனம் கிழிச்சுத் தொங்கவிட்டது. மனுசி செத்து வருசம் திரும்பேல்லை, ஆர்ச்வே முருகன் கோயிலுக்கே போகப்படாத ஆளுக்கு ரோம் கேக்குதோ எண்டு. நானும் அதையே கொஞ்சம் இனிப்புப் போட்டுச் சொல்லிப் பாத்தன். மனுசன் ஹீட்டரைப் பாத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோயிலுக்குப் போகேலாது, கலியாணத்துக்குப் போகேலாது, சரி. ரோமுக்குப் போகேலாது எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லையே தம்பி."

போறன்

வெளிக்கிடுற அண்டு சின்னப் பையோட கடையடிக்கு வந்தார். கழுத்து வெறுங்கழுத்து. வெளியிலை ஆலங்கட்டி மழை. அந்த மப்ளர் எங்கை எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. கதவைத் திறந்துகொண்டு, 'அப்ப நான் போறன் தம்பி' எண்டார்.

எங்கட வீடுகளிலை அந்தச் சொல்லை வாசலிலை நிண்டு ஒருத்தரும் சொல்லாயினம். முடக்கிலை இருக்கிற கடைக்குப் பால் வாங்கப் போறவனும் 'போட்டு வாறன்' எண்டுதான் சொல்லுவான். போறன் எண்டா போறதுதான். நான் எழும்பி, போட்டு வாங்கோ அண்ணை எண்டு சொல்ல முந்திக் கதவு சாத்தியாச்சு. கேட்டிருந்தாலும் அது என்ர குரல்தானே, ரஞ்சி அக்கான்ர இல்லையே.

பின்னேரம் அவரின்ர மகள் மன்செஸ்டரிலை இருந்து அடிச்சா. இஞ்சை பிறந்த பிள்ளை, பாதி இங்கிலீஷ். அவவிட்டையும் அதே சொல்லைத்தான் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார். தமிழ் சரியா வராத பிள்ளைக்கும் அது பிழைச்சுக் கேட்டிருக்கு.

"அங்கிள், அப்பா ரிட்டர்ன் டிக்கெட்தானே எடுத்தவர்?"

பச்சைச் சிலுவை

திரும்புற நாள் மத்தியானம் ரோமிலை இருந்து போன் வந்தது. மழைச் சத்தம், பஸ் சத்தம், நடுவிலை அவர். அந்த வீட்டைத் தேடித் திரிஞ்சவராம், கண்டுபிடிக்கேலாமல் போச்சாம். எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? வீட்டை அவர் ஒருநாளும் வெளியிலை நிண்டு பாத்ததே இல்லை. இருட்டிலை ஏத்தினவங்கள், இருட்டிலை இறக்கினவங்கள். அவருக்குத் தெரிஞ்ச ஒரே அடையாளம் எதிர்ப்பக்க மருந்துக்கடை. அந்த நாட்டிலை எல்லா மருந்துக்கடைக்கும் அதே பச்சைச் சிலுவைதான். ஒவ்வொரு சிலுவைக்குக் கீழையும் முதுகைக் குடுத்து நிண்டு, எதிரை இருக்கிற யன்னல்களை எண்ணாத குறையாப் பாத்திருக்கிறார்.

இப்ப எங்கை நிக்கிறியள் எண்டு கேட்டன். ஒரு பாலத்திலையாம். பிளேனுக்கு நேரமாகுது, எயார்போட்டுக்கு வெளிக்கிடுங்கோ எண்டன். வெளிக்கிட்டு ஆரிட்டை போறது எண்டு கேட்டார். கோவமில்லை. கடைசி பஸ் போட்டுதோ எண்டு கேக்கிற மாதிரி. மகளைச் சொன்னன். வெறும் மழை.

அது நான் யோசிச்சுச் செய்ததில்லை. வாய் தானாத் திறந்துது. முதலிலை பெருமூச்சு வந்தது, பிறகு அந்த இழுவை, நடுவிலை அந்த மூச்சு. 'இஞ்சாருங்கோ, கழுத்தைச் சுத்திக்கொண்டு வாங்கோ.'

கடைக்குள்ளை ரெண்டு சனம் இருந்தது, ரெண்டும் என்னையே பாத்துது. போனிலை மழையும் நிண்ட மாதிரி இருந்தது. நான் செய்தது பாவமோ எண்டு போனைக் காதோட இறுக்கிப் பிடிச்சன். பேந்து ஏதோ சரசரத்த சத்தம். பை திறக்கிற சத்தம் எண்டுதான் நினைக்கிறன், மப்ளரின்ர கம்பளி உரசின மாதிரி இருந்துது.

"வாறன் எண்டு அவவிட்டைச் சொல்லும்."

ஆள் இருமிக்கொண்டு வந்து சேந்தார், நான் அந்தக் குரலை அதுக்குப் பிறகு எடுக்கேல்லை. ஆளை ஏத்தி விடுறவனுக்கு எங்கட பாஷையிலை ஏஜென்சிக்காரன் எண்டு ஒரு பேர் இருக்கு, திருப்பிக் கொண்டுவந்து இறக்கிறவனுக்குத்தான் இன்னும் ஒரு பேரும் வைக்கேல்லை.