வெள்ளை உப்புக்குக் காத்திருந்தேன்

2007 ஆவணி மாதம். மரக்காணத்தில் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தில், பாத்திக்குள் கிடந்த சிப்பி ஒன்று என் வீட்டுக்காரர் காலைக் கிழித்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை வேறு. புண் ஆறவே இல்லை. புதுச்சேரி டாக்டர், "ஒரு வாரம் பாப்போம்மா. இல்லன்னா பாதத்த எடுத்துட வேண்டியதுதான்" என்றார். உப்பளத்தைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பருவத்தில் முதல் தடவை வாரும் உப்பில் ஒரு கை அள்ளி எங்கள் அம்மன் கோயில் பலிபீடத்தில் போடுவது வழக்கம். "அந்தக் கால மட்டும் குடுத்துடு தாயே. ஒரு கை இல்ல, ஒரு கூடை உப்பு தலையில சுமந்துனு வர்றேன்" என்று அழுதேன்.

ஆறாம் நாள் கட்டுப் பிரித்த நர்ஸ், "சதை வருதும்மா" என்றார். மருந்துதான் ஆற்றியது என்பார்கள். இருக்கட்டும். அதே மருந்து முந்தின வாரமெல்லாம் எங்கே போயிருந்ததாம்?

2008 மாசியில் முதல் உப்பு வாரினோம். முதல் உப்பு எப்போதும் சேறு கலந்து பழுப்பாகத்தான் இருக்கும். ஒரு கூடை சுமந்து கோயிலுக்கு நடந்தேன். சேற்றுத் தண்ணீர் முகமெல்லாம் வழிந்தது. அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

அந்த வருடம் உப்பு நன்றாக விளைந்தது, விலையும் இறங்காமல் நின்றது. வீட்டுக்கு டைல்ஸ் போட்டோம். கழுத்துக்குப் புதுச் செயின் வந்தது. கோயிலுக்குப் போவது மட்டும் குறைந்தது.

2009 மாசியில் முதல் உப்பைப் பார்த்ததும், சீ, இதையா கொண்டுபோவது என்று தோன்றியது. "இத ஓரமா கொட்டுங்கப்பா. அடுத்த தடவ வெள்ளையா வரும், அத எடுத்துனு போலாம். நாலு பேரு பாக்குற எடம்" என்று ஆட்களிடம் சொன்னேன். சாமிக்கு நல்லதைத்தானே கொடுக்கிறோம் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். கணுக்கால் சேற்றில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

"இந்தச் சேத்துல நிக்கத்தானே அன்னிக்கு என் கால கேட்ட?"

அந்தப் பழுப்பு உப்பையே கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டேன். செயின்மேல் சேறு வழிந்தது. துடைக்கவில்லை.

பெருமை எந்த வழியாக எனக்குள் வந்தது? பக்தி மாதிரியேதானே வந்தது. அதை இன்றைக்கும் யோசிக்கிறேன்.

கோயிலில் கேட்க ஒன்றுமில்லை. உப்பைப் பலிபீடத்தில் போட்டேன். "அவருக்கு ரெண்டு காலும் நல்லா இருக்குது தாயே" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு அவர் காலைக் கேட்டு அழுததைவிட அதிகமாக அழுதேன்.

குறையோடு எல்லோரும்தான் போகிறோம். எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நாளில், எதுவும் கேட்காமல் அவள் முன்னால் போய் நின்று பாருங்கள்.