பித்தளைத் திருகு குழாய்

குளியலறைச் சாமான் விற்கும் அந்தக் கடையில் அவளுக்குக் குழாயக்கா என்று பேர். முதலாளி வைத்த பேர் இல்லை. வாங்க வருகிறவர்கள் வாயில் வந்த பேர். கடைச் சுவர் முழுக்கக் குழாய்கள் மாட்டியிருக்கும், ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர் வராது. தண்ணீர் வராத குழாயை விற்பது என்ன லேசுப்பட்ட காரியமா? அதற்கு வாய் வேண்டும். அவளுக்கு இருந்தது. வந்தவர்களைக் கண்ணை மூடச் சொல்வாள்.

"மூஞ்சி பூரா சோப்புன்னு நெனச்சுக்கோங்க. கண்ணு எரியுது. இப்போ குழாயைத் தேடுங்க பாப்போம்."

கை தடவித் தடவிப் போய் எதில் நிற்கிறதோ, அதையே எடுத்துக் கட்டிக் கொடுப்பாள். வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள் என்றால் மட்டும் அந்த விளையாட்டு கிடையாது. தூக்கினால் தண்ணீர் வந்து, அமுக்கினால் நிற்கும் கைப்பிடிக் குழாய்தான். "வெரல் மடங்காதவங்ககூட மொழங்கையால தட்டி விட்டுக்கலாம்" என்பாள். அப்படி எத்தனை வீட்டுக்குக் கொடுத்தாளோ, அவளுக்கே கணக்குத் தெரியாது.

அவள் புருஷன் பஸ் ஓட்டினவர். வண்டியை விட்டு இறங்கி வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு அவருக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் மகள் பேர். கடைசியில் பெண்டாட்டியும் போனாள். பகலெல்லாம் அவள் அவருக்கு யாரோ ஒரு அம்மா. "சாப்பாடு நல்லா இருந்துச்சுங்கம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தட்டைக் கொடுப்பார். அதைவிட அவர் கோபத்தில் தட்டை விட்டெறிந்திருக்கலாம்.

ஆனால் காலையில் மட்டும் அப்படி இல்லை.

கல்யாணமான புதிதில் இருந்த வாடகை வீட்டில், விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அவர் முதலில் எழுந்து குழாயைத் திருகிவிட்டுக் காத்துக்கொண்டு நிற்பார். குழாய் இருமும், காற்றைத் துப்பும், அதற்கப்புறம்தான் தண்ணீர். உடனே கத்துவார்: "ஏ எலி! தண்ணி வந்துருச்சு, ஓடி வா!" எலி என்றால் அவள்தான். வீட்டில் இருக்கிற வாளி, சட்டி, கிண்ணம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு குடுகுடுவென்று ஓடி வருவாள் இல்லையா, அதனால் எலி.

பிறகு சொந்த வீடு வந்தது, எந்நேரமும் தண்ணீர் வந்தது. கூப்பாடு மட்டும் நிற்கவே இல்லை. நோய் வந்தும் நிற்கவில்லை. எழுந்ததும் குளியலறைக்குப் போவார், பித்தளைக் குழாயைத் திருகுவார், அதுவும் வாடகை வீட்டுக் குழாய் மாதிரியே இருமித் துப்பும், எலியைக் கூப்பிடுவார். அவள் ஓடிப் போய் நிற்பாள். "வந்துட்டியா" என்று சிரிப்பார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு மீதிப் பகலை ஓட்டிவிடுவாள்.

ஒரு நாள் ஈரத்தில் வழுக்கி, வாஷ்பேசின் விளிம்பில் இடுப்பை இடித்துக்கொண்டார். மகள் வந்து பார்த்தாள். "ஊரு பூராவுக்கும் பாத்ரூம் சாமான் குடுக்கிற, நம்ம வீட்டுல பாரும்மா, தரையெல்லாம் பாசி, குழாய் வேற ஒழுகுது" என்றாள். மகள் சொன்னதில் என்ன தப்பு?

மறுநாள் குழாயக்கா தன் கடைக்குத் தானே வாடிக்கைக்காரியாகப் போனாள்.

"என்னக்கா, இன்னைக்கு நீங்க கஸ்டமரா? அப்போ டீ சொல்லட்டுமா?" என்று கேலி செய்தாள் பில் போடுகிறவள்.

"சொல்லு. நல்லா பேரம் பேசுவேன், மூஞ்சியத் தூக்கக் கூடாது."

ஒவ்வொரு பேசினிலும் விளிம்பைத் தடவி, இடுப்பால் ஒரு இடி இடித்துப் பார்த்தாள். முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இடிச்சுப் பாத்து பேசின் வாங்குறது ஒலகத்துலயே நீ ஒருத்திதாம்மா."

"இடிச்சுக்கப் போறவருக்குல்ல வாங்குறேன், முதலாளி."

உருண்டை விளிம்புள்ளதாக ஒன்று எடுத்தாள். தலைக்கு மேலிருந்து கொட்டுகிற ஷவர் வேண்டாம் என்றாள். தலையில் தண்ணீர் விழுந்தால் அவருக்கு மழை வந்துவிடும். வண்டி ஓட்டுகிற மாதிரி முன்னால் குனிந்து, "வைப்பர் வேலை செய்யலயே" என்று பதறிப்போவார். அதனால் கையில் பிடித்துக் காலிலிருந்து ஊற்றுகிற கை ஷவர். இத்தனையும் யோசித்தவள் குழாய்க்கு மட்டும் யோசிக்கவில்லை. கை தானாகப் போய்விட்டது, நீளக் கைப்பிடி உள்ளதற்கு. தண்ணீர் நுரை மாதிரி, சத்தமே இல்லாமல் விழும். கடையிலேயே நல்ல சரக்கு அதுதான்.

வேலை நடந்தபோது இருவரும் மகள் வீட்டில் இருந்தார்கள். திரும்பி வந்த மறுநாள் காலை, அவள் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கூப்பாடு வரவில்லை. போய் எட்டிப் பார்த்தாள். அவர் பேசின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வலது கை பழைய குழாய் இருந்த உயரத்தில், வெறும் காற்றைத் திருகிக்கொண்டிருந்தது.

"இன்னும் தண்ணி வரலீங்கம்மா" என்றார் அவளைப் பார்த்து.

அவள் கைப்பிடியைத் தூக்கிவிட்டாள். தண்ணீர் இருமாமல், துப்பாமல், பூனை மாதிரி வந்தது. அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். அப்புறமும் தினம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். "இதைத் தூக்குங்க" என்றால் அவள் கையைத் தூக்குவார்.

பிளம்பரைத் தேடிப் போனாள். "அண்ணே, எங்க வீட்டுல கழட்டின பழைய குழாய் எங்க?"

"அது எதுக்குக்கா? வாஷர் போயி ஒழுகிக்கிட்டுக் கெடந்துச்சு. பழைய இரும்புக் கடையில போட்டாச்சு. நீங்க விக்கிற சரக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு..."

"நான் விக்கிறதப் பத்தி எங்கிட்டயே பேசாதீங்கண்ணே. எந்தக் கடை, அதைச் சொல்லுங்க."

பழைய இரும்புக் கடையில் பித்தளை ஒரு குவியலாகக் கிடந்தது. எல்லாம் ஒரே அழுக்கு, ஒரே நிறம். அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொன்றாக எடுத்துத் திருகிப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். கடைசியில் ஒன்று கையில் வந்தது. அவர் கட்டைவிரல் படுகிற பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கண்ணைத் திறக்காமலே அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது புது பேசின்ல உக்காராதுக்கா. செவுத்துலதான் மாட்டணும். புது டைல்ஸ ஒடைக்கணும்" என்றார் பிளம்பர்.

"ஒடைங்க."

"வாஷராவது மாத்தட்டுமா?"

"மாத்துங்க. சத்தம் மட்டும் போகக் கூடாது."

மறுநாள் காலை குழாய் இருமியது, காற்றைத் துப்பியது.

"ஏ எலி! தண்ணி வந்துருச்சு, ஓடி வா!"

காலி வாளியைத் தூக்கிக்கொண்டு, மூட்டு வலியெல்லாம் மறந்து குடுகுடுவென்று ஓடினாள். அவர் அவளைப் பார்த்தார். மரியாதையாக ஓரமாய் ஒதுங்கி நின்றார்.

"கொஞ்சம் எங்க வீட்டுக்காரிய வரச் சொல்றீங்களாம்மா? தண்ணி நின்னுரும்."

"நான்தாங்க. நான்தான் எலி."

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "அவ சின்னப் பொண்ணுங்க" என்றார். பிறகு அவளைத் தாண்டிக் கதவையே பார்த்தார். உதடு பிதுங்கியது. இன்னும் கொஞ்சம் போனால் குழந்தை மாதிரி அழுதிருப்பார்.

அவள் வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து, அவர் கண்ணில் படாத இடத்தில் சுவரில் சாய்ந்துகொண்டாள். அங்கிருந்து கத்தினாள்.

"வந்துட்டேன், வந்துட்டேன்! தண்ணியப் புடிங்க!"

"வா எலி, சீக்கிரம் வா" என்றார் உள்ளேயிருந்து. அவர் குரலில் பதற்றம் தணிந்திருந்தது. வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

இப்போதும் அவள் அந்தக் கடையில்தான் இருக்கிறாள். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், "அவங்களக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்புகிறாள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார். அவள் கேட்பதாக இல்லை.

காலையில் குளியலறைக்கு வெளியே நின்று பதில் சொல்கிறாள். வாளி நிறைந்து வழிகிறவரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அப்புறம் துண்டை எடுத்துக்கொண்டு, யாரோ ஒரு அம்மாவாக உள்ளே போய்க் குழாயை மூடுகிறாள். அவர் முகத்தைத் துடைத்துவிடுகிறாள்.

"உங்க எலி வந்துச்சா?" என்று கேட்பாள்.

"வந்தா, வந்தா. இப்பதான் உள்ள போனா" என்பார் அவர்.