தார் அடைத்தால் ஊர் திரும்பலாம்

அன்று காலை ஆலைக்குள் நுழைந்தால், ஸ்பேனர்களையெல்லாம் வரிசையாகப் படுக்கவைத்து, குங்குமப் பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் யானைமேல் விஸ்வகர்மா, முறுக்கு மீசையும் கையில் ஒரு பட்டமுமாக. சாமி கையில் பட்டம் எதற்கு என்று கேட்காதீர்கள். இங்கே அன்றைக்கு ஊரே மொட்டைமாடியில் ஏறிப் பட்டம் விடும். நான் கொல்கத்தாவுக்கு வந்து பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. இயந்திரத்துக்குப் பூஜை என்றால் அது நவராத்திரியில்தான் என்று பிறந்ததிலிருந்து பழகிய மண்டை இது. செப்டம்பர் நடுவில் இப்படி ஒரு நாள் வரும் என்று யோசிக்கவே இல்லை. சோதனை ஓட்டத்தின் கடைசி நாளைச் சரியாக அன்றைக்கே குறித்துத் தொலைத்திருந்தேன்.

கொல்கத்தாவின் கார்டன் ரீச் பகுதியில் எங்களுடையது சின்ன ஆலை. கழிவுநீரைச் சுத்தம் செய்தபின் அடியில் தங்கும் சேற்றைக் காயவைத்து, காற்றைக் குறைத்துச் சூடேற்றி எரிவாயுவாக மாற்றுகிறோம். சொல்வதற்குச் சுலபம். அந்த வாயுவோடு தாரும் ஆவியாகக் கிளம்பி வரும். குளிர்ந்த இடத்தில் கறுப்பாக ஒட்டிக் குழாயை அடைத்து, எஞ்சினைக் கெடுத்துவிடும். அதனால் வாயு சூடாக இருக்கும்போதே, நிக்கல் பூசிய உருண்டைகள் நிரம்பிய ஒரு கலத்தின் வழியாக அனுப்புவோம். நிக்கல் தாரை உடைத்து அதையும் வாயுவாக்கிவிடும். பள்ளிக்கூடத்தில் வினையூக்கி என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஆனால் சில மணி நேரத்தில் அந்த உருண்டைகள்மேல் கரி படிந்துவிடும். எனவே இரண்டு கலம். ஒன்று வேலை செய்யும்போது இன்னொன்றில் கரியை எரித்துச் சுத்தம் செய்வோம். நேரம் பார்த்து, வால்வுச் சக்கரங்களைக் கையால் திருப்பி, வாயுவை மாற்றிவிட வேண்டும். தாமதித்தால் எல்லாம் அடைத்துக்கொண்டு நின்றுவிடும்.

மூன்று நாள் நிற்காமல், தார் இல்லாமல் ஓடினால் ஆலை இன்னும் மூன்று வருஷம் நடக்கும் என்று சென்னைத் தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. நின்றால் மூடுவிழா. ஒப்பந்தத் தொழிலாளிகள் ஆறு பேருக்கும் வேலை போகும். எனக்கு மட்டும் சென்னைக்கு மாற்றல். சென்னையிலிருந்து ராத்திரி ரயிலேறினால் விடியும்போது திருச்சி. அங்கே என் மாமியார் கண் சரியாகத் தெரியாமல் தனியாக இருக்கிறார். எத்தனை கூப்பிட்டும் கொல்கத்தாவுக்கு வர மாட்டேன் என்கிறார். அன்று கிளம்பும்போது என் மனைவி கலா டிபன் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, அதுவா அடைச்சுக்கிட்டா நம்ம மேல தப்பு ஒண்ணும் இல்லையே?"

பஸ்ஸில் போகும்போது அதே கேள்வியை நானும் கேட்டுக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

தலைமை ஆபரேட்டர் தபன்தா, அதாவது தபன் அண்ணன், புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய இந்தியும் வங்காளமும் கலந்த பேச்சைத் தமிழில் போடுகிறேன். "மிஷின் ஓடட்டும் சார், தப்பில்ல. ஆனா இன்னிக்கு நாங்க கை வைக்க மாட்டோம்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"தேதி போட்டது நீங்கதானே? இன்னிக்கு உங்க கையாலயே ஓட்டணும்னு போட்டிருக்கீங்கன்னு நெனச்சோம். உங்களுக்குப் பூஜை அடுத்த மாசம்தானே?"

என் அறியாமையை இவர்கள் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "ஆமா, என் சாமி இன்னிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டார்," என்றேன். தபன்தா சிரித்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆக, அந்த ஆலையில் அன்றைக்கு வால்வைத் தொடக்கூடியவன் நான் ஒருவன்தான்.

மத்தியானம்வரை சமாளித்தேன். நாலு மணிக்கு அழுத்தமானியின் முள் ஏற ஆரம்பித்தது. முதல் கலத்தில் கரி நிறைந்துவிட்டது, மாற்ற வேண்டும். சக்கரத்தில் கை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது. பத்து நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும். ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல முடியாது; பூஜை நாள், ஆள் இல்லை, அடைத்துக்கொண்டது. கலாவின் முகம் எப்படி மலரும் என்றுகூட நினைத்துப் பார்த்துவிட்டேன். வெளியே யாரோ ஒருவருடைய பட்டம் அறுந்து, கூரை முழுக்க ஒரே கூச்சல். முள் இன்னும் ஏறியது.

தபன்தா பிரசாதக் கிச்சடியைத் தட்டில் போட்டு எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தார். முள்ளை அவர் பார்க்கவேயில்லை. "காலையில பொண்டாட்டி பயந்தா சார், இன்னிக்குப் பார்த்து யாரும் கை வைக்காம மிஷின் நின்னுட்டா வேல போயிடுமேன்னு. நம்ம சார் இருக்காரு, கவலப்படாதேன்னு சொல்லிட்டு வந்தேன்."

சக்கரத்தைத் திருப்பினேன். ஓடிப்போய் அடுத்ததைத் திறந்தேன். "ஆஸ்தே, ஆஸ்தே," என்று தபன்தா மெதுவாகத் திருப்பச் சொல்லி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். முள் இறங்கியது. மூன்று நாள் கெடு முடிந்ததும், பனிக்கட்டியில் வைத்திருந்த திரவத்துக்குள் கொஞ்சம் வாயுவைக் குமிழியாக விட்டுப் பார்த்தேன். தார் இருந்தால் பழுப்பாக மாறும். தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. தபன்தா விஸ்வகர்மாவின் காலடியிலிருந்து குங்குமம் எடுத்து என் நெற்றியில் அழுத்தி வைத்தார். "இன்னிக்கு வேல செஞ்ச கருவி இது ஒண்ணுதான்," என்றார். மற்ற ஐந்து பேரும் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது.

கலாவுக்குப் போன் செய்தேன்.

"அடைச்சுதா?"

"இல்ல. ஓடுது." இறங்கிய முள்ளைப் பார்த்தபடி சொன்னேன். "விட்டிருக்கலாம் கலா. பக்கத்துல வரைக்கும் போயிட்டேன்."

"உங்களால முடியாதுன்னு காலையிலயே தெரியும்," என்றாள். அப்புறம், "வரும்போது லேக் மார்க்கெட்ல இட்லி அரிசி வாங்கிட்டு வாங்க. ரெண்டு கிலோ இல்ல, மூட்டையா."

அடுத்த மாசமே ஊருக்குப் போகலாம் என்று பதினோரு மாதமும் இரண்டு இரண்டு கிலோவாக வாங்கிய வீடு அது. லேக் மார்க்கெட்டின் தமிழ்க் கடையில், அரிசி ஆலைப் பெயர் தமிழில் அச்சடித்த மூட்டையை வாங்கி, ஆட்டோவில் ஏற்றி, மாடிப்படியில் இழுத்து, வாசலில் இறக்கினேன். கலா கதவைத் திறந்தாள். மூட்டையைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்று போனை நீட்டினாள்.

குங்குமத்தை அழிக்காமல், அரிசி மூட்டையின் மேலேயே உட்கார்ந்து, திருச்சி நம்பரை அழுத்தினேன்.